சத்தம் வைக்காத டிவி

என் கணவருக்குக் காது கேட்பதில்லை என்று நான் தெரிந்துகொண்டது ஒரு டிவி கடையில், கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழித்து. பத்துக்குப் பதினைந்து அடி வீட்டில், ஒருவர் புரண்டு படுத்தால் இன்னொருவருக்கு விழிப்பு வரும் இடத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு இது தெரியாமல் இருந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் தம்பியிடமே சொல்லிப் பார்த்தேன், அவனும் நம்பவில்லை.

தெரிந்த அந்த நிமிஷம் எனக்குப் பரிதாபம் வரவில்லை. கோபமும் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி. அதைச் சொல்ல என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொரோனாவுக்கு முந்தைய வருஷம் ஊரிலிருந்து தம்பி போன் செய்து, அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள், உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றான். அன்று சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு மேடை சுவரை ஒட்டியது. சமைக்கிறவள் முகம் சுவரைப் பார்க்கும், முதுகு வீட்டைப் பார்க்கும். முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கரண்டியோடு நான் சொன்னேன்: "அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். நான் போய்ப் பாத்துட்டு வாரேன். டிக்கெட் எடுத்துக் குடுங்க."

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், கண் டிவியில் இருந்தது. இரண்டாம் தடவை கேட்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. பெற்றவளைப் பார்க்க ஒருத்தி இரண்டு தடவை கெஞ்ச வேண்டுமா என்று வாயை மூடிக்கொண்டேன். தானாகச் சொல்லட்டும் என்று மறுநாளும் காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் மறுபடி தம்பியிடமிருந்து போன். இரண்டு ராத்திரி ரயிலில் போய் நான் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நடந்து கோவிலுக்குப் போனேன், ஜெபமும் செய்தேன். மன்னிக்க மட்டும் இல்லை. ஆகவே கடையில் அந்த நிமிஷம் எனக்கு எழுந்த கேள்வி இதுதான்: அன்றைக்கு நான் சொன்னது இவர் காதில் விழுந்ததா, விழவே இல்லையா? விழவில்லை என்றால் ஒரு தப்பும் செய்யாத மனுஷனை இத்தனை வருஷம் மனசுக்குள் தண்டித்திருக்கிறேன்.

அவர் வேலை டின் கார்கானாவில். ஓட்டல்களிலிருந்து வரும் பழைய எண்ணெய் டின்களை வாங்கி, நெளிவு எடுத்து, கழுவி, மறுபடி விற்கிற இடம். தாராவியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே எட்டுப் பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை தகரத்தைச் சுத்தியலால் தட்டுவார்கள். முப்பது வருஷமாக அவருக்கு அதே கூரைதான். சாப்பாடு கொடுக்கப் போனால் என்னால் ஐந்து நிமிஷம் அங்கே நிற்க முடியாது. அந்தச் சத்தம் அவர் காதை என்ன செய்யும் என்று ஒருநாளாவது யோசித்தேனா என்றால், இல்லை.

அதற்கு எங்கள் சந்தும் ஒரு காரணம். நாங்கள் இருப்பது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். இங்கே யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. தண்ணீர் மோட்டார், மிக்ஸி, மேல்வீட்டுத் தையல் மெஷின்கள், எதிர்வீட்டுப் பாட்டு எல்லாவற்றுக்கும் மேலே குரலை ஏற்றிப் பேசிப் பழகியவர்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள், என்ன இங்கே எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்குக் காது மந்தமானால் வெளியே தெரியாது. அவரோடு கத்திப் பேச வேண்டும் என்று தனியாக யாருக்கும் தோன்றாது, ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் அழுத்தக்காரர் என்பது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நான் அடுப்படியில் நின்று நாள் முழுக்க நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பேன், ஒரு 'ம்' கூட வராது. செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

பழைய டிவி பெரிய பெட்டி டிவி. மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது. வலது ஓரம் சிவப்பேறி, முகங்களெல்லாம் நனைந்த போட்டோ மாதிரி கலங்கிப் போயிருந்தன. இவர் அதன் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். சுவருக்கு அந்தப் பக்கம் தென்காசியிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரர் தோல் பெல்ட் செய்து கடைகளுக்குப் போடுகிறவர். அவர் மனைவி ஒருநாள் வாசலில் வந்து நின்று, நான் வீட்டில் செய்யும் தையல் வேலையை விசாரித்து, மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டு, கடைசியில் தன் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, டிவியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா அக்கா என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இவரிடம் சண்டைக்குப் போனேன். ஸ்பீக்கர் போய்விட்டது, அதுதான் என்றார். டிவி ரிப்பேர் மிஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, பிக்சர் டியூப்தான் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

ஆக, புது டிவி. மகன் நவி மும்பையில் ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருக்கிறான், மனைவியோடு அங்கேயே வாடகை வீட்டில். அவன் போனில் படம் படமாக அனுப்பினான், நாற்பத்து மூன்று இன்ச், ஐம்பது இன்ச். நானே வாங்கி அனுப்பிவிடுகிறேன் என்றான். இவர் வேண்டாம் என்றுவிட்டார். தன் வீட்டு டிவியைத் தானே வாங்குவாராம். அவருடைய கிறிஸ்துமஸ் போனஸும் நான் ஜாக்கெட் தைத்துச் சேர்த்ததும் சேர்ந்து பன்னிரண்டாயிரம் இருந்தது. அதற்கு மேல் போக முடியாது.

உங்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்டேன். "மூஞ்சி நல்லா தெரியணும்" என்றார். யார் மூஞ்சி, நியூஸ் வாசிக்கிறாளே அவள் மூஞ்சியா என்று கேலி செய்தேன். ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

டிவி வைக்க எங்களுக்கு இருக்கும் இடம் பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில். இன்ச் டேப்பை எடுத்து அளந்தேன், சரியாக முப்பது இன்ச். முப்பத்திரண்டு இன்ச் டிவி அங்கே நுழையாது, ஆகவே இருபத்து நாலு என்று முடிவு செய்தேன். வருஷக்கணக்காக ஊரார் உடம்பை அளந்து தைக்கிறவளுக்கு ஒரு சுவரை அளக்கத் தெரியாதா என்ற திமிர். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் போய்ச் சொன்னபோதுதான், டிவியைக் குறுக்கே மூலைக்கு மூலை அளப்பார்கள், முப்பத்திரண்டு என்றால் அகலம் இருபத்தொன்பதுக்குள்தான் வரும் என்று கடைக்காரர் சிரிக்காமல் சொன்னார். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்.

அந்தக் கடையில் நாலைந்து சின்ன டிவிகள் இருந்தன. இவர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றார். ஒவ்வொன்றுக்கும் தலையை இடம் வலமாக ஆட்டினார். ஏன் என்று கடைக்காரர் கேட்டதற்கு, வாய் இழுக்கிறது என்றார். விலை குறைந்த டிவியில் வேகமாக அசைகிற இடத்தில் படம் இழுபடுவது உண்டுதான் என்று அவர் ஒத்துக்கொண்டார். எனக்கோ மானம் போயிற்று. எட்டாயிரம் ரூபாய் டிவிக்கு இவ்வளவு நொட்டை சொல்கிற மனுஷன், கல்யாணப் பேச்சில் என்னையாவது நிமிர்ந்து பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வாசலுக்கு வந்து சொன்னேன். அதற்கும் பதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகச் செம்பூருக்குப் போனோம். பெரிய ஷோரூம். ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் பவளப்பாறை நடுவே வண்ண வண்ண மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அந்தப் படத்தைப் போட்டால் எந்த டிவியும் நல்ல டிவிதான். சேல்ஸ்மேன் மராத்திக்காரர், ஐம்பது வயசு இருக்கும். அவரிடம் இவர், "மச்லி நஹி, ஆத்மி திகாவ்" என்றார். மீன் வேண்டாம், மனுஷனைக் காட்டு என்று. சேல்ஸ்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்து, மதராஸியா என்று கேட்டு, அத்தனை டிவியிலும் ஒரு தமிழ் நியூஸ் சானலை வைத்தார். சுவர் முழுக்க ஒரே பெண் செய்தி வாசித்தாள்.

நான் விலைச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஹெச்டி ரெடி என்று போட்டிருந்ததற்கும் ஃபுல் ஹெச்டி என்று போட்டிருந்ததற்கும் இரண்டாயிரம் மூவாயிரம் வித்தியாசம். எங்கள் வீட்டு அளவுக்கு, ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு, முப்பத்திரண்டில் ஹெச்டி ரெடியே போதும் என்று மகன் சொல்லியிருந்தான். அப்போது இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"ஏளா, பாபநாசம் அணையில தண்ணி தொறந்துட்டாவளாம். உங்க ஊர்க் கால்வாய்க்கு ரெண்டு நாள்ல வந்துரும்."

அப்படியா என்றேன். தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கடையில் பாட்டு ஓடியது, ஏசி இரைந்தது, யாரோ வாஷிங் மெஷினுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். டிவிச் சுவரிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை.

திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் படித்திருப்பார் என்று ஒரு நொடி சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இங்கேயே பிறந்து முனிசிபாலிட்டி இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கோவிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வது சும்மா ஒப்புக்கு, பாட்டெல்லாம் மனப்பாடம். சேல்ஸ்மேனிடம் சத்தம் வைக்கவில்லையா என்று கேட்டேன். இத்தனை டிவியும் நாள் முழுக்கக் கத்தினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், காலையிலிருந்தே மூடித்தான் வைத்திருக்கிறேன், வைக்கட்டுமா என்று ரிமோட்டை எடுத்தார். வேண்டாம் என்றேன்.

இவர் மறுபடி டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நான் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, வீட்டில் கூப்பிடுகிற குரலில், "என்னங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். சேல்ஸ்மேன் திரும்பினார், வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். என் கணவர் செய்தி வாசிக்கிறவளின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோவிலில் நாலைந்து வருஷமாக முதல் பெஞ்சில்தான் உட்காருவார். பக்தி முற்றிவிட்டது என்று நாங்களெல்லாம் நினைத்திருந்தோம். இந்தி சீரியலைத் தமிழில் டப்பிங் செய்து போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார், பொய்யான படம் என்பார். நான் பார்க்கிறேன் என்பதற்காகவே இளக்காரம் பண்ணுகிறார் என்று அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன். வாய் ஒன்று பேசவும் வார்த்தை வேறொன்றாக இருந்ததைத்தான் அவர் பொய் என்றிருக்கிறார். இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, கடைசியில் அடுப்படியில் நின்று சொன்ன அந்த வார்த்தையில் போய் நின்றது. அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கோபம் வந்தது. என்னிடமிருந்து மறைத்தார் என்று. அந்தக் கோபத்தோடுதான் டிவி தேர்ந்தெடுத்தேன். இனி எனக்கு எது வேண்டும் என்று தெரியும். ஒவ்வொரு டிவிக்கு முன்னாலும் ஐந்தடி எண்ணி, பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன், ஏனென்றால் ராத்திரி அவர் ஒருக்களித்துப் படுத்தபடி பார்ப்பார். இரண்டு டிவியில் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பெண்ணின் பல் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒன்றில் உதடு சேறு மாதிரி குழைந்தது. கடைசியில் ஒரு முப்பத்திரண்டு இன்ச்சில் உதடு உதடாக இருந்தது, நாக்கு பல்லில் படுவது கூடத் தெரிந்தது. முப்பது வாட் சவுண்ட் என்று சேல்ஸ்மேன் ஆரம்பித்தார். சவுண்ட் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றேன். பழைய டிவியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, எங்கள் பன்னிரண்டாயிரத்துக்கே முடித்துக்கொடுத்தார்.

டாக்சி பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது. சந்துக்குள் அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். தாழத் தொங்கும் ஒயர்கள், படி, குழாய் என்று வழக்கம்போல் நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வர வாயெடுத்தேன். எடுத்து என்ன பிரயோசனம்? அவரை இடித்துக்கொண்டு முன்னால் போய், அவரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தேன். குனியுங்க, இடது பக்கம், படி இருக்கு. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எதற்கு இப்படி நடக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவருக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

வீட்டில் மாட்டிப் பார்த்தால் முகம் பழையபடி கலங்கல். அவர் முகத்தில் ஏமாற்றம் அப்பியிருந்தது. மறுநாள் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். ஹெச்டி டிவி வாங்கினால் போதுமா, சாதா சானல் சாதாவாகத்தான் வரும், ஹெச்டி பாக்ஸ் போட வேண்டும் என்றார். போட்டோம். அன்று மாலை அவர் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்து, தானாகவே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார். இரண்டு நாள் கழித்து அடுத்த வீட்டுக்காரி வாசலில் நின்று, டிவி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை அக்கா என்று சிரித்தாள்.

அன்று அவருக்கு எதிரே போய் உட்கார்ந்து, எத்தனை வருஷமாகக் கேட்கவில்லை என்று நேராகக் கேட்டேன். ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"எல்லாரும் மாஸ்க் போட்டப்போதான் எனக்கே தெரிஞ்சுது. துணிக்குள்ள பேசுதாவ, அதான் கேக்கலன்னு நினைச்சேன். கழட்டினப்புறம் கேட்டுச்சு. அப்பதான் புரிஞ்சுது, நான் கேக்கல, பாக்கேன்னு."

ஏன் சொல்லவில்லை என்றதற்குக் கார்கானாவில் இருந்த ஒரு பெரியவரைச் சொன்னார். அவருக்குக் காது போனது தெரிந்ததும், பின்னால் டெம்போ வந்தால் தெரியாது என்று அவரைக் கேட்டில் உட்கார வைத்தார்கள், ஆறு மாசத்தில் வர வேண்டாம் என்றார்கள். அந்தப் பயம்தான். எனக்கு அவரைத் திட்ட வேண்டும்போலவும் இருந்தது, மடியில் போட்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. நாளைக்கு லீவு சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மெஷின் மாட்டிச் சோதித்தார்கள். நரம்பு தேய்ந்துவிட்டது, போனது திரும்பாது, மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார் டாக்டரம்மா. பத்து வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்றார். இவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் மறுபடி உள்ளே போனேன். கொரோனாவுக்கு முன்னால், ஐந்தடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி பேசினால் இவருக்குக் கேட்டிருக்குமா என்று கேட்டேன். அந்தம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். உறுதியாகச் சொல்ல முடியாது, டிவி ஓடிக்கொண்டிருந்தால் கஷ்டம் என்றார்.

டிவி ஓடிக்கொண்டுதானே இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று வாரம் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வாரத்துக்கு இரண்டு தடவை வைத்தேன். அடுப்பில் கை வேலையாக இருந்தாலும் பேச வேண்டுமென்றால் திரும்பி நின்று பேசினேன். காது மெஷினுக்கு மகன் காசு கொடுத்தான், இந்தத் தடவை இவர் மறுக்கவில்லை. அதை மாட்டினால் பாத்திரம் தட்டுவதெல்லாம் தலைக்குள் விழுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டிக்கொண்டார். எனக்கு ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. அறியாத மனுஷனைத் தண்டித்துவிட்டேன், அவரிடம் மன்னிப்புக் கேட்டால்தான் தீரும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, அவர் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் டிவியை அணைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன்.

"அம்மாவுக்கு முடியலன்னு நான் சொன்ன அன்னைக்கு உங்களுக்குக் கேக்கல. அப்படித்தானே?" என்றேன். கேள்வி கூட இல்லை அது. பதிலையும் நானே சொல்லி, சும்மா தலையாட்டினால் போதும் என்று நீட்டினேன்.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரியவில்லையோ என்று மறுபடி சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்டுச்சு" என்றார். "அப்ப கொஞ்சம் மந்தந்தான். ஆனா அது கேட்டுச்சுளா."

அவரே தொடர்ந்தார். அந்த மாசம் முழுக்க நமக்குள் சண்டை, ஊருக்குப் போனால் திரும்பி வர மாட்டேன் என்று நீ இரண்டு தடவை சொல்லியிருந்தாய், டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் வராமலே போய்விடுவாய் என்று பயந்துவிட்டேன், நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்துவிட்டேன், அதற்குள் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றார்.

அந்தச் சண்டையை நான் மேலே எழுதவில்லை. மறந்து அல்ல. காலேஜில் இருந்த மகனை நிறுத்திக் கார்கானாவுக்கு அனுப்பலாம் என்று இவர் சொன்னதில் ஆரம்பித்தது அது. அம்மா கதையை யாரிடம் சொல்லும்போதும் அதை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். விட்டுவிட்டுச் சொல்லிச் சொல்லி எனக்கே அது இல்லாததுபோல் ஆகிவிட்டது.

அழுதேன். அம்மாவுக்காக அழுதேனா, அவர் மேல் கோபத்தில் அழுதேனா, தெரியாது. கேட்காத காது என்ற சாக்கு அவர் கையில் இருந்தது, நானே எடுத்துக் கொடுத்தேன், டாக்டரம்மாகூடப் பாதி சாட்சி சொல்லிவிட்டார். அதை வாங்கிக்கொண்டு நல்லவராகவே இருந்திருக்கலாம் இந்த மனுஷன். வாங்கிக்கொள்ளவில்லை. அதற்காக அவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் அன்றைக்கு என்னால் முடியவில்லை.

என் அழுகை ஓயும் வரை இருந்தார். பிறகு கேட்டார். "அன்னைக்குப் போயிருந்தா வந்திருப்பியா?"

எங்கள் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் டம்ளர் வைத்தால் இந்தப் பக்கம் கேட்கும். அன்று அந்தப் பக்கம் பெல்ட் வேலைக்கு லீவு, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. இருபத்தெட்டு வருஷமும் எங்கள் வீட்டுப் பேச்சு அத்தனையும் சந்து கேட்ட பேச்சுதான். இந்த ஒன்றைச் சந்து கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தேன்.

வந்திருக்க மாட்டேன்.

ஒரு எழுத்து தப்பாமல் அவருக்கு விளங்கிற்று. காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. "தெரியும்" என்றார், சந்துக்கே கேட்கும்படியாக.